நாலு ஐம்பத்தொன்றுக்கு வந்த விண்ணப்பம்

வழியனுப்புக் கூட்டத்தன்று மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, ஏதாச்சும் சொல்லுங்கக்கா" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் தட்டிலிருந்த சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. எழுதச் சொன்னால் எழுதுவேன். அதனால் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பட்டியல் எல்லாம் இல்லை. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது.

என் படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்து டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். சர்வர் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, டைப் அடிக்கிறவர்களில் யார் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று பார்த்து என்னை அனுப்பினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டேன். உங்களில் பலர் என்ஜினியர்கள். சர்வர் எப்படிக் கட்டப்பட்டது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

எங்கோ ஒருவர் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளன்று நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது என்று நானாகப் புரிந்துகொண்டேன். வாசலில் ஒருவர் டோக்கன் கொடுப்பார். வந்த நேரம் அதில் இருக்கும். வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். முறை வந்ததும் மேஜைக்குக் கூப்பிடுவார்கள். மேஜையில் இருப்பவர் தாளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் பதிவேட்டில் ஏற்றி ரசீது கொடுப்பார். ஒரு கையெழுத்து குறைந்தாலும் முழுத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். பாதியை ஏற்றிக்கொள்வது என்பது கிடையாது. நம் சர்வரிலும் வாசல், பெஞ்சு, மேஜை என்று மூன்றும் உண்டு. ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அப்போது நம்மிடம் இரண்டு மேஜைகள், அதாவது இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்றைப் பெரியவன் என்றும் மற்றதைச் சின்னவன் என்றும் கூப்பிடுவோம். சின்னவன் பழைய மெஷின். கொஞ்சம் கூட்டம் கூடினாலும் அவனுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவோம். இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை பெரியவன் தாங்குவான். எத்தனையோ தடவை செய்த வேலை. யோசிக்காமலே கை போகும்.

அந்த ஆண்டு சில நர்சிங் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து, வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கென்று சில இடங்களைக் கட்டணமில்லாமல் ஒதுக்கின. விண்ணப்பங்களை வாங்கும் பொறுப்பு நம் நிறுவனத்திடம் வந்தது. மார்க்கை வைத்துத்தான் இடம். கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டியல் வெளியாக வேண்டும்.

அன்று அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், மேனேஜர், என்னோடு ஷிப்ட் பார்த்த செந்தில். செந்தில் திருமங்கலத்துக்காரன், புரோகிராம் எழுதுபவன். காலையிலிருந்து விண்ணப்பங்கள் ஓரளவுக்கு வந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு மேல் திரையில் இருந்த கோடு அப்படியே தரையில் படுத்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று மட்டும் வந்தன.

"அம்புட்டுப் பேரும் போட்டு முடிச்சுட்டாங்க போல" என்றார் மேனேஜர். "கடைசி நாள் கூட்டம், கூட்டம்னு பயமுறுத்துனீங்க. எங்க கூட்டம்?"

"ஜனங்க திருந்திட்டாங்க சார்" என்றான் செந்தில்.

நானும் சிரித்தேன். டீயும் முட்டைகோஸ் வடையும் வந்தன.

நாலு முப்பத்தொன்றுக்குக் கோடு எழுந்தது. ஏறியது என்று சொல்ல முடியாது. சுவர் மாதிரி நேராக நின்றது. செந்தில் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தான்.

"அக்கா, இது ஆளுக வர்ற மாதிரி இல்ல. எவனோ வேணும்னு அடிக்கிறான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மனிதர்கள் ஒரே நிமிடத்தில் சேர்ந்து வருவார்களா? சின்னவன் மூச்சு முட்டிக் கிடந்தான். நாலு முப்பத்துமூன்றுக்கு அவனை நிறுத்திக் கிளப்பினேன். நான்தான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இரண்டு நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. எழ எழக் கூட்டம் அவன்மேல் விழுந்து தள்ளியது. நாலு நாற்பத்துநாலுக்குத்தான் நிமிர்ந்தான். அந்தப் பதினோரு நிமிடமும் இரண்டு பேர் வேலையைப் பெரியவன் ஒருவனே பார்த்ததில், பெஞ்சில் காத்திருந்தவர்கள் வரிசை பத்து நிமிட நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். ஐந்து மணி ஆனது. ஐந்தேகாலுக்குத் திரையில் எல்லாம் பச்சை.

"பாத்தீங்களா, தாங்கிருச்சு" என்று மேனேஜர் முதுகை நிமிர்த்தினார். 'சிக்கல் எதுவுமின்றி முடிந்தது' என்று கல்லூரிகளுக்கு அறிக்கை அனுப்பினார்.

ஐந்து நாற்பதுக்கு போன் அடித்தது. போனை எடுப்பது செந்தில் வேலை. எனக்கு முகம் தெரியாதவர்களோடு பேச வராது என்பதால் நாங்களே அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவன் கீழே வண்டி எடுக்கப் போயிருந்தான். போன் நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"மேடம், பேரையூர்ல இருந்து பேசுறேன். பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். நர்சிங் அப்ளிகேஷன் ஒண்ணு, அஞ்சு மணிக்கு முன்னாடியே அமுக்கிட்டோம் மேடம். சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசில காலக்கெடு முடிஞ்சிருச்சுன்னு வந்து நிக்குது."

"காலையிலேயே போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கே பிடிக்காத கேள்வி.

"காலைல கரண்ட் இல்ல மேடம். மூணு மணிக்கு வந்துச்சு. இவங்களும் வந்து உக்காந்துட்டாங்க. ஆனா இன்னைக்குச் செவ்வாக்கிழமைல? மூணுல இருந்து நாலரை ராகு காலம். பிள்ளையோட படிப்புக்கு எந்தத் தகப்பன் அந்த நேரத்துல அமுக்க விடுவான்? என் கடையில மட்டும் நாலு பேரு நாலரை ஆகட்டும்னு உக்காந்திருந்தாங்க. மூணு பேருக்குப் போட்டு முடிச்சேன். இந்தப் பிள்ளைக்குத்தான் இப்படி ஆயிப்போச்சு."

மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்த மூன்று பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டில் என் மாமியார் மிக்சி வாங்கப் போவதற்குக்கூட நேரம் பார்ப்பவர். சர்வர் அறைக்குள் வந்துவிட்டால் மட்டும் எங்களுக்கு அந்தக் கடிகாரம் மறந்துவிடுகிறது. மூன்று மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்த கோட்டை யாரோ செய்யும் தாக்குதல் என்று நினைத்திருக்கிறோம். அது ஊரெல்லாம் காத்திருந்த அப்பா அம்மாக்கள். வந்த கூட்டம் சரியான கூட்டம்தான். இரண்டு மேஜையும் திறந்திருந்தால் தடுமாறியாவது தாங்கியிருக்கும். நான் ஒன்றை மூடினேன்.

"அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்றேன்.

"அக்கா, வணக்கங்க்கா" என்றது ஒரு குரல். அழுது முடித்த குரல். "திரும்ப அமுக்க வேண்டாம்னு எழுதியிருந்துச்சுக்கா. அதனால நான் ஒருக்காதான் அமுக்குனேன். கையைக்கூடப் பக்கத்துல கொண்டுபோகல."

அந்த வாசகத்தைத் திரையில் போட்டவர்கள் நாம்தான். மற்றவர்களெல்லாம் நாலைந்து முறை அழுத்தி வரிசையை இன்னும் நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் நாம் சொன்னதைக் கேட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, இன்னொண்ணு" என்று குரலைத் தாழ்த்தினாள். "இங்க எல்லாரும் எங்கப்பாவையே சொல்றாங்க. அவரு காத்திருக்கச் சொன்னதாலதான் போச்சுன்னு. அவரு வெளிய போய் உக்காந்துட்டாரு. தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குறாரு. நீங்க இந்தக் கடைக்கார அண்ணன்கிட்ட அவரத் திட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்கக்கா."

இடம் போன பெண் இடத்தைக் கேட்கவில்லை. அதுதான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. "அரை மணி நேரம் அங்கேயே இரும்மா" என்று சொல்லி அவளுடைய விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டேன்.

வாசல் குறிப்பைத் திறந்தேன். நீங்கள் லாக் என்று சொல்வதுதான். அவள் விண்ணப்பம் வாசலுக்கு வந்தது நாலு ஐம்பத்தொன்றுக்கு. மேஜைக்குப் போனது ஐந்து ஒன்றுக்கு. நம் புரோகிராம் மேஜையில் இருக்கும் கடிகாரத்தைத்தான் பார்த்தது. ஐந்து தாண்டிவிட்டதால் திருப்பிவிட்டது. இப்படி வேறு யாராவது இருக்கிறார்களா என்று வரி வரியாகப் பார்த்துத் தாளில் எழுதினேன். முப்பத்தேழு பேர் இருந்தார்கள்.

செந்திலை மேலே கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"அக்கா, சின்னவன நிறுத்துனத நாம சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. ஊர்ப்பக்கம் நெட்டு ஸ்லோன்னு போயிரும்."

"லாக்ல இருக்கே."

"லாக்க எவன்க்கா படிக்கிறான்?"

"நான் படிக்கிறேன்ல."

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான். நல்ல மனசுக்காரன். அந்தப் பெண் போனில் சொன்னதை நான் சொல்லக் கேட்டு அவனுக்கும் பொறுக்கவில்லை. "ஒண்ணு செய்வோம்க்கா. நான் உள்ள போய் அந்தப் பிள்ளை பேர மட்டும் பதிவேட்டுல எழுதிவிட்டுர்றேன். ரெண்டே நிமிஷம். யாருக்கும் தெரியாது."

இந்த இடத்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். தப்பு செய்கிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. இரக்கப்பட்டுப் பதிவேட்டில் கை வைக்கிறவர்களைப் பார்த்துத்தான் பயம். இன்று போன் செய்த பெண்ணுக்காகக் கை வைத்தால், போன் செய்யத் தெரியாத முப்பத்தாறு பேர் என்ன ஆவார்கள்? நாளைக்கு வேண்டப்பட்டவர் ஒருவருக்காக இன்னொரு கை உள்ளே போகும். வாசல் வழியாக வராத எதுவும் பதிவேட்டில் ஏறக் கூடாது. "வேண்டாம்டா" என்றேன். "அவங்க அனுப்புன அதே விண்ணப்பம் நம்மகிட்ட முழுசா இருக்கு. முப்பத்தேழையும் வந்த வரிசையிலேயே திரும்ப மேஜைக்கு அனுப்புவோம். வந்த நேரத்தப் பாக்கச் சொல்லி விதிய மாத்தணும். அதுக்குக் கல்லூரிக்காரங்க சம்மதம் வேணும்."

"அப்படின்னா மேனேஜர்கிட்டச் சொல்லணுமே."

"ஆமா."

"யாரு சொல்றது?"

நான் எழுந்தேன்.

மேனேஜர் ஹெல்மெட் மாட்டியிருந்தார். நான் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"காலக்கெடுன்னா காலக்கெடுதான். முப்பத்தேழு பேர உள்ள விட்டா நாளைக்கு முந்நூறு பேரு வந்து வாசல்ல நிப்பான். ஆளப் பாத்து விட்டாங்கன்னு சொல்லுவான். அறிக்கை வேற போயாச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் பட்டியலில் இருக்கும் எல்லாருடைய இடத்துக்கும் அது கேடுதான். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது.

"சார், இவங்க லேட்டா வரல. அஞ்சு மணிக்கு முன்னாடியே வாசலுக்குள்ள வந்துட்டாங்க. நாமதான் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, மணியாச்சு போங்கன்னு சொல்லிட்டோம். கூட்ட நேரத்துல சின்னவன நிறுத்தியாச்சு. அதனாலதான் இப்படி ஆச்சு."

"நிறுத்துனது செந்தில் இல்லையா?"

"நான் சார்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதுவது எனக்கு வரும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் செய்தது, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்துவிட்டு, சேர்க்கைக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியைக்கு போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த முப்பத்தேழு பேர்ல, அஞ்சு மணிக்கு அப்புறமா வாசலுக்கு வந்தவங்க ஒருத்தராவது இருக்காங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க மேடம்" என்றேன். "அஞ்சு மணி தாண்டி ஒரே ஒரு செகண்டுல வந்தவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களச் சேர்க்கல."

அந்த ஒருவரும் ஏதோ ஒரு கடையில் யாருக்கோ பின்னால் காத்திருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அவர் அழுத்தியதாக வாசல் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை என்று மூன்று முறை பார்த்தேன். எனக்குத் தெரியாததை நான் சேர்க்க முடியாது. அவரைச் சேர்க்காமல் விட்டதால்தான் மற்ற முப்பத்தேழு பேரையும் அந்த அம்மா நம்பினார். செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அவர் யார் என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

"அனுப்புங்க" என்றார் பேராசிரியை. "நடந்தத அப்படியே கடிதமா எனக்கு அனுப்பிடுங்க. பட்டியலோட சேர்த்து நானே போடுறேன்."

செந்தில் விதியை மாற்றினான். மேனேஜர் பக்கத்தில் நின்று பார்க்க, முப்பத்தேழு விண்ணப்பங்களும் வந்த வரிசையிலேயே மேஜைக்குப் போயின. இரண்டு விண்ணப்பங்களில் சான்றிதழ் குறைந்தது, திரும்பின. மற்றவை ஏறின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வந்த நேரம்தான் கணக்கு என்பது நம் எல்லாப் புரோகிராமுக்கும் விதியானது. கடைசி ஒரு மணி நேரத்தில் எந்த மெஷினையும் தனியாள் ஒருவர் நிறுத்தக் கூடாது என்பதும் அன்றிலிருந்துதான். உங்கள் திரையில் இப்போது இரண்டாவது ஆளின் ஒப்புதல் கேட்கிறது இல்லையா, அது உங்களை நம்பாததால் வந்ததல்ல, என்னால் வந்தது. கடைசி நேரம் குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் என்று இல்லை. அழுத்துகிறவர்களுக்கு இருக்கிறது. கோடு படுத்தாலும் எழுந்தாலும், மெஷினைத் தொடும் முன்பு, இந்த நேரத்தில் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை யோசியுங்கள்.

மறுநாள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அது அவள் மார்க் வாங்கிக் கொடுத்த இடம். அதில் எனக்குப் பங்கில்லை. என் பங்கு முந்தின நாள் மாலையிலேயே முடிந்துவிட்டது.

விண்ணப்பங்கள் ஏறியதும் நானே பேரையூருக்கு போன் செய்தேன். செந்தில் எடுக்க வந்தான், வேண்டாம் என்றேன். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சீட்டுக் கிடைச்சிருமாக்கா?"

"அது உன் மார்க் சொல்லும். உன் விண்ணப்பம் உள்ள வந்திருச்சு. போன உங்கப்பாகிட்டக் குடு."

நடந்துபோகும் சத்தம் கேட்டது. பஸ் ஹாரன் ஒன்று கேட்டது. பிறகு, "அப்பா, மதுரைல இருந்து பேசுறாங்க. பேசுங்கப்பா" என்றாள். அவர் போனை வாங்கினார்.

"அண்ணே" என்றேன். "நீங்க இருக்கச் சொன்னதுல ஒரு தப்பும் இல்லண்ணே. உங்க பிள்ளை நேரத்துக்குள்ளதான் அமுக்கியிருக்கு. இங்க ஒரு மெஷின நிறுத்திட்டோம். நிறுத்துனது நான்தான். அதுலதான் தாமதம் ஆச்சு."

"மெஷினா?"

"ஆமாண்ணே."

"அப்ப நான் கெடுக்கலையா, தாயி?"

"இல்லண்ணே. நீங்க கெடுக்கல."

நான் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. குரல் தூரத்தில் கேட்டது.

"ஏ பாப்பா, கடை அடைக்கிறதுக்குள்ள வா, ரெண்டு புரோட்டா திம்போம். எனக்குக் கொலப்பசி பசிக்குது."